நம் கணித மன்றத்தின் 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

திட்டமிட்ட மாதக் கூட்டங்கள் 12, நடந்தவை 9. டிசம்பர் 22, இராமானுசன் பிறந்தநாள் வழக்கம்போல் கொண்டாடப்பட்டது. பள்ளி மாணவர் வினாடி வினாவும் நடந்தது.

அக்டோபர் கூட்டத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். "செயலாளர் ஒரே ஒரு எண்ணை வைத்து ஒரு மாதத்தை ஓட்டிவிட்டார்" என்று, வராதவர்களே பேசிக்கொள்வதாகக் கேள்வி. அந்த எண் 147573952589676412927. அறுபத்தேழு இரண்டுகளைப் பெருக்கி, ஒன்றைக் கழித்தால் வருவது. 1644-இல் பிரெஞ்சுத் துறவி மெர்சென் இதைப் பகா எண் என்று பட்டியலில் சேர்த்தார். அது தவறு, இது பகு எண்தான் என்று 1876-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் லூக்கா நிறுவினார். ஆனால் காரணிகள் எவை என்று அவருக்கும் தெரியாது. 1903 அக்டோபரில் நியூயார்க்கில், அமெரிக்கக் கணிதச் சங்கக் கூட்டத்தில் கோல் என்பவர் 193707721-ஐயும் 761838257287-ஐயும் கரும்பலகையில் பெருக்கிக் காட்டிவிட்டு, வாய் திறக்காமல் போய் உட்கார்ந்தார் என்பார்கள். கண்டுபிடிக்க மூன்று ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயினவாம்.

அதே பெருக்கலை நாமும் கையால் போட்டுப் பார்க்க வேண்டும் என்பதே என் திட்டம். உறுப்பினர் 41 பேரில் வந்தவர் ஐவர். செல்போனில் ஒரு நொடி வேலை என்றார், தேநீரோடு சேர்ந்து உள்ளே வந்த ஒருவர். போட்டும் காட்டினார். 1.4757 என்று தொடங்கி 'ஈ20' என்று முடிந்தது. கடைசி இலக்கங்கள் எங்கே ஐயா என்றேன், பதில் இல்லை. முதல் எண்ணில் 7 மூன்று இடத்தில் வருவதால், ஏழால் பெருக்கும் வரியை ஒருமுறை போட்டால் போதும், அப்புறம் பார்த்து எழுதலாம். அந்த வரியில் ஒரு பிழை நேர்ந்து, மூன்று வரியிலும் ஏறிவிட்டது. சாக்பீஸ் என் கையில் இருந்தது உண்மைதான். அந்த அறையின் விளக்கைப் பற்றி மூன்று ஆண்டாகச் சொல்லி வருகிறேன். இலக்கங்களை ஓர் இலக்கம் வரும்வரை கூட்டிக்கொண்டே போனால், இரண்டு காரணிகளுக்கும் 1 வருகிறது. ஒன்றை ஒன்றால் பெருக்கினால் ஒன்றுதான், ஆகவே விடைக்கும் 1 வர வேண்டும், வரவில்லை. அதைக் கண்டுபிடித்ததும் நான்தான் என்பதைப் பதிவு செய்கிறேன். ஆறரை மணிக்கு விடை சரியாக வந்தது. ஐவரும் கைதட்டினோம்.

வரவு செலவு ஏறக்குறைய சமம். நம் பொருளாளர் நிலை லூக்காவின் நிலை: பணம் குறைகிறது என்று நிறுவிவிட்டார், யார் யாரால் என்பதைச் சொல்ல மறுக்கிறார். சந்தா கட்டியவர் 17 பேர்.

இடம் தந்தவர்களுக்கும் தேநீர்ச் செலவை ஏற்றவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு சின்ன எண்ணாகவே எடுக்கலாம்: 4294967297. இது பகா எண் என்று கணித அறிஞர் ஃபெர்மா நம்பினார்; பின்னால் வந்த கணித அறிஞர் ஆய்லர் 641-ஆல் வகுத்துக் காட்டினார். காரணிகள் 64-இன் மடங்கோடு ஒன்று கூட்டிய எண்களாகவே இருக்க வேண்டும். அவற்றில் பகா எண்களை மட்டும் பார்த்தால் போதும். எனவே 193, 257, 449, 577, 641 என்று ஐந்தே வகுத்தலில் முடிந்துவிடும். ஆளுக்கொரு வகுத்தல், ஐந்து பேர் போதும். ஆறாவதாக ஒருவர் வந்தால், செயலாளர் பொறுப்பையும் அவரிடமே கொடுக்கலாம் என்றிருக்கிறேன். ரசீதுப் புத்தகம் வாசலுக்கு அருகில் உள்ள மேசையில் இருக்கிறது.

செயலாளர்