கிராமும் மோலும்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நர்சிங் முதல் வருடத்தில் மோல் கணக்கு வந்ததும் பயமாக இருக்கிறது என்றாய். போனில் சொன்னால் பாதி நழுவிவிடும், அதனால் எழுதுகிறேன்.

முதலில் அந்த 6.022 × 10²³ஐ, அதாவது ஒரு மோலில் இருக்கும் துகள்களின் எண்ணிக்கையை, ஓரமாக வை. புத்தகங்கள் அந்த எண்ணோடு பாடத்தைத் தொடங்குவதே சரியில்லை என்பேன். எண்ணைப் பார்த்ததும் பிள்ளைகள் மிரண்டுவிடுகிறார்கள். அது எதற்கு வந்தது என்பது புரியாமலே போகிறது.

ஹார்டுவேர் கடையில் போல்ட்டும் நட்டும் எடை போட்டுத் தருவார்கள். ஒரு போல்ட்டுக்கு ஒரு நட்டு வேண்டும். ஆனால் இரண்டிலும் ஒவ்வொரு கிலோ வாங்கினால் நட்டு மிஞ்சும், போல்ட் கனமல்லவா! அணுக்களும் ஒன்றுக்கு ஒன்று, ஒன்றுக்கு இரண்டு என்று எண்ணிக்கையில்தான் சேரும். நம் கையில் இருப்பதோ தராசு. தராசு காட்டும் கிராமை எண்ணிக்கையாக மாற்றித் தருவதுதான் மோலார் நிறை.

அணு நிறை சோடியத்துக்கு 23, குளோரினுக்கு 35.5; கூட்டினால் 58.5. அத்தனை கிராம் உப்பு ஒரு மோல். தண்ணீருக்கு 18 கிராமே போதும். இரண்டிலும் எண்ணிக்கை ஒன்றுதான், அதுதான் உன்னை மிரட்டிய எண், அவகாட்ரோ எண் என்பார்கள். அவகாட்ரோ அதைக் கணக்கிட்டவர் அல்ல. ஒரே வெப்பநிலை, அழுத்தத்தில் சம பருமனுள்ள வாயுக்களில் சம எண்ணிக்கை மூலக்கூறுகள் இருக்கும் என்று 1811-ல் சொன்னவர். எண்ணுக்கு அவர் பெயரை 1909-ல் வைத்தவர் ஜான் பெரின்.

ஒரு இடத்தில் மட்டும் கவனம். ஆக்சிஜன் ஒரு மோல் என்றால் அணுவா, மூலக்கூறா என்று பார். அணு 16, மூலக்கூறு 32.

இனி உன் வேலைக்கு வருகிறேன். நார்மல் சலைனில், அதாவது நோயாளிக்கு ஏற்றும் உப்பு நீரில், லிட்டருக்கு 9 கிராம் உப்பு. அதை 58.5-ஆல் வகுத்தால் 0.154 மோல், அதாவது 154 மில்லிமோல் (ஆயிரத்தில் ஒரு பங்கு மோல்தான் மில்லிமோல்). ரத்தப் பரிசோதனையில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை என்று வருவதும் இதே கணக்குதான். நரம்புக்கும் இதயத்துக்கும் அயனிகள் (மின்னேற்றம் உள்ள அணுக்கள்) எத்தனை என்பதுதான் முக்கியம், எத்தனை கிராம் என்பது அல்ல. ஒரு கிராம் சோடியம் குளோரைடில் சோடியம் 17 மில்லிமோல். அதே ஒரு கிராம் பொட்டாசியம் குளோரைடில் பொட்டாசியம் 13.4தான். இதில் தடுமாறவே கூடாதும்மா. ரத்தத்தில் பொட்டாசியம் மிகுந்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகும்.

சரி, உனக்கு ஒரு கணக்கு. 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்தான் அது) பாட்டிலில் லிட்டருக்கு 50 கிராம். நீரற்ற குளுக்கோஸ் என்றால் மோலார் நிறை 180. ஒரு நீர் மூலக்கூறோடு சேர்ந்தது என்றால் 198. எது என்று லேபிளைப் பார்த்து, எத்தனை மில்லிமோல் என்று போட்டு வை. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது விடையைச் சொல்.

அன்புடன்,
அப்பா