கருவைப் படமெடுக்கும் கருவியும் தம்பதியர் கையொப்பமிடும் படிவமும்

சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சின் அதிகாரிகளுக்கும் கருத்தரிப்புச் சிகிச்சை நிலையங்களின் மருத்துவர்களுக்கும் வணக்கம்.

கருமுட்டையை உடலுக்கு வெளியே கருவுறச் செய்யும் ஐவிஎஃப் சிகிச்சையில் எந்தக் கருவை முதலில் கருப்பையில் வைப்பது என்று முடிவெடுக்க உதவும் டைம்-லாப்ஸ் படப்பதிவு, தனிக்கட்டணத்துக்குரிய கூடுதல் வசதியாக முன்வைக்கப்படும் இடங்களிலெல்லாம், அதுபற்றிய பெரிய ஆய்வுகளின் முடிவுகளைத் தம்பதியர் கையொப்பமிடும் முன்பே எழுத்தில் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

கருவை வளர்க்கும் பெட்டியான இன்குபேட்டருக்குள்ளேயே இருக்கும் கேமரா சில நிமிடங்களுக்கு ஒருமுறை படமெடுப்பதால், கருவை வெளியே எடுத்து நுண்ணோக்கியின்கீழ் வைக்கத் தேவையில்லை. ஒரே உயிரணு நேரடியாக மூன்றாகப் பிரிவது போன்ற, நாளுக்கு ஒருமுறை மட்டும் பார்ப்பவர் தவறவிடக்கூடிய பிறழ்வுகளும் பதிவாகின்றன. கருவியல் வல்லுநர்களுக்கு இது பயனுள்ள கருவி என்பதில் எனக்கு ஐயமில்லை. பணம் கட்டும் தம்பதியர் எதிர்பார்ப்பதோ குழந்தை.

அந்த எதிர்பார்ப்பை ஆய்வுகள் தாங்கவில்லை. பிரிட்டனிலும் ஹாங்காங்கிலும் ஏழு மருத்துவமனைகளில் 1,575 பெண்களிடம் நடத்தப்பட்டு 2024இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், டைம்-லாப்ஸ் படங்களைக் கொண்டு கரு தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் 33.7 விழுக்காட்டினருக்கும் வழக்கமான முறையில் சிகிச்சை பெற்றவர்களில் 33 விழுக்காட்டினருக்கும் குழந்தை பிறந்தது. புள்ளியியல்படி இது வேறுபாடே அன்று. அதற்கு முந்தைய ஆண்டு வெளியான நெதர்லாந்து ஆய்விலும், ஓராண்டுக் காலத்தில் கருவுற்றவர்களின் விகிதம் எல்லாப் பிரிவுகளிலும் ஏறத்தாழ ஐம்பது விழுக்காடாகவே இருந்தது.

இதற்கான காரணம் எளிதில் விளங்கக்கூடியது. படப்பதிவு இருக்கும் கருக்களை வரிசைப்படுத்துகிறதேயொழிய, புதிதாக ஒரு நல்ல கருவை உருவாக்குவதில்லை. மூன்று கருக்கள் உறைநிலையில் காத்திருக்கும் பெண்ணுக்கு, வரிசை எப்படி அமைந்தாலும் அந்த மூன்றும் ஒவ்வொன்றாக வைக்கப்படலாம். ஒரே கரு கிடைத்த பெண்ணுக்கோ தேர்ந்தெடுக்க ஏதுமில்லை. அவரிடமும் அதே கட்டணத்தைப் பெறுவதை எவ்வாறு நியாயப்படுத்த இயலும்?

தமிழரான பேராசிரியர் எஸ்.எஸ். ரத்தினத்தின் குழு 1983இல் இந்நாட்டின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையை உலகிற்குத் தந்த நாளிலிருந்து, இத்துறை மருத்துவர்கள் சொல்வதை நம் குடும்பங்கள் மறுபேச்சின்றி ஏற்கின்றன. பொது மருத்துவமனைகளில் அரசாங்க இணை நிதியும் மருத்துவச் செலவுக்கான மெடிசேவ் சேமிப்பும் கைகொடுத்தாலும், மீதித் தொகைக்குப் பெரும்பாலும் பெற்றோரின் சேமிப்பே கரைகிறது. “இதையும் செய்தால் வாய்ப்புக் கூடுமாம், அம்மா” என்று மகள் சொல்லும்போது எந்தத் தாயும் மறுக்கமாட்டார்.

ஆகவே, ஆய்வு முடிவுகளை நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் ஒரே பக்கத்தில் தருவதையும், படப்பதிவுக் கட்டணத்தைத் தனியே காட்டுவதையும், அதை வேண்டாமென்று சொல்லும் உரிமை படிவத்திலேயே இடம்பெறுவதையும் அமைச்சு கட்டாயமாக்க வேண்டும். ஒரு கரு மட்டுமே கிடைத்தால் தேர்வுக்கான கட்டணத்தைத் திருப்பித் தர நிலையங்கள் முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு தாய், தோ பாயோ