ஆண்டு, ஊர், பெயர்: கொரிதோ பாடலாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மெக்சிகோவின் கொரிதோ பாடலாசிரியர்களுக்கு,

வணக்கம். கணினி வேலைக்காகக் குவாதலஹாராவுக்கு வந்த தமிழன் நான். கொரிதோ என்னும் உங்கள் கதைப்பாடல்களின் அக்கார்டியனையும் டியூபாவையும் கேட்டுக் கேட்டே ஸ்பானிய மொழி பழகியவன். ஆகவே இதை ஒரு ரசிகனின் மனத்தாங்கலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

2025 மார்ச் 29 அன்று சபோபான் அரங்கில் ஒரு கொரிதோ கச்சேரியில் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஹலிஸ்கோ மாநிலப் போதைப்பொருள் கும்பலின் அப்போதைய தலைவர் நெமேசியோ ஒசெகெராவின் படம் திரையில் தோன்ற, கூட்டம் ஆர்ப்பரித்தது. அதே மாதம்தான், இதே மாநிலத்தின் தெயுச்சித்லானில் ஒரு பண்ணைக்குள், காணாமல்போன பிள்ளைகளைத் தேடி அலையும் குடும்பத்தார் நூற்றுக்கணக்கான காலணிகளைக் கண்டெடுத்தார்கள். வேலை விளம்பரத்தை நம்பிப் பஸ் ஏறிய இளைஞர்களைக் கும்பல்காரர்கள் அங்கே கொண்டுபோயிருக்கிறார்கள்.

எந்த ஆண்டு, எந்த ஊர், யார் என்று சொல்லிவிட்டுத்தான் கொரிதோ கதையைத் தொடங்கும். 1910 புரட்சியின்போது செய்தித்தாள் எட்டாத ஊர்களுக்குச் சாவுச் செய்தி அப்படித்தான் போய்ச் சேர்ந்தது. இன்று ஏகே-47க்குக்கூட ‘ஆட்டுக்கொம்பு’ என்று செல்லப்பெயர் வைத்துப் பாடுகிறீர்கள். சுடப்பட்டு விழுந்தவன் மட்டும் வெறும் ‘எதிரி’.

நான் பஸ் ஏறும் இடத்தைக் ‘காணாமல்போனவர்களின் ரவுண்டானா’ என்கிறார்கள். சுற்றிலும் சுவரொட்டிகள். ஒரு காலையில், மழையில் உரிந்த தாளை ஓர் அம்மா திரும்ப ஒட்டிக்கொண்டிருந்தார். சிக்னலில் நின்ற வண்டியில் உங்கள் பாட்டு அதிர்ந்தது. ஈரச் சுவரில் டேப் பிடிக்கவில்லை. பாட்டு தேய்ந்து மறையும்வரை உள்ளங்கையால் தாளை அழுத்திப் பிடித்தபடியே நின்றார். அந்தத் தாளில் ஆண்டு இருந்தது, ஊர் இருந்தது, பெயர் இருந்தது.

அந்தப் பெயர்களையும் பாடுங்கள் என்றுதான் கேட்கிறேன். உங்களைத் தடைசெய்யச் சொல்லவில்லை. சினலோவா மாநிலம் 2011இல் மதுக்கூடங்களில் இத்தகைய பாட்டுகளுக்குத் தடை போட்டுப் பார்த்தது. 2013இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மத்திய அரசோ 2025இல் நல்ல பாடல்களுக்கென்று போட்டி அறிவித்தது. ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் காணவில்லை என்று பதிவேடு சொல்லும் நாட்டில் மெட்டுத் தேடுகிறார்கள். ஏதோ ஒன்றைத் தேடவாவது மனம் வந்ததே!

மன்னிக்கவும், மடல் உங்களுக்கு. காசு கொடுத்துத் தன்னைப் புகழ்ந்து பாடச் சொல்லும் கும்பல் தலைவரிடம் மறுத்துப் பேசுவது எத்தகைய காரியம் என்று அறிவேன். கொரிதோ பாடகர் சலினோ சாஞ்செஸ் 1992இல் குலியகானில் பாடிவிட்டுத் திரும்பிய இரவில்தான் கடத்திக் கொல்லப்பட்டார். ஆகவே எந்தத் தலைவரையும் திட்டச் சொல்லவில்லை. ஒரு பாட்டில் ஒரு சரணம், அதில் ஒரே ஒரு பெயர். வீட்டாரின் சம்மதம் கேட்டுவிட்டுப் பாடுங்கள், தயவுசெய்து. சுவரொட்டியின் அடியில் தொலைபேசி எண் இருக்கிறது.

இப்படிக்கு,
ரவுண்டானாவில் பஸ் ஏறும் ஒரு ரசிகன்
குவாதலஹாரா