பட்டாம்பாங் போகும் மகனுக்கு

அன்புள்ள மக்களே,

ஸ்தோத்திரம். ஜூன் லீவில் சிங்கப்பூர் சபை ஆட்களோடு கம்போடியாவில் பட்டாம்பாங் போகிறாய் என்று நீ போனில் சொன்ன அன்றைக்கே அப்பா குடும்ப ஜெபத்தில் அந்தக் காரியத்தையும் சேர்த்துவிட்டார். எனக்கும் சந்தோஷந்தான். ஆனால் நீ வாட்ஸப்பில் அனுப்பிய நிகழ்ச்சி நிரலில் 'மெடிக்கல் கேம்ப்' என்று போட்டிருக்கிறதே, காலமெல்லாம் நர்ஸ் வேலை பார்த்தவளிடம் அதைக் காட்டினால் சும்மா இருப்பேனா?

பிரஷர் மாத்திரை எத்தனை நாளைக்குக் கொடுக்கப் போகிறீர்கள்? பத்து நாளைக்குக் கொடுத்துவிட்டு நீங்கள் விமானம் ஏறிவிட்டால், பதினோராம் நாள் அந்தக் கிராமத்துப் பாட்டி என்ன செய்வாள்? பிரஷரும் சர்க்கரையும் கேம்போடு முடிகிற வியாதி இல்லை. அளந்து பார்த்து, பக்கத்து அரசு சுகாதார நிலையத்துக்கு அவர்களுடைய கெமர் மொழியில் ஒரு சீட்டுக் கொடுத்து அனுப்பினாலே பெரிய உபகாரம். சீட்டை உள்ளூர் நர்ஸ் எழுதட்டும். அடுத்த மாதமும் அங்கே இருக்கப்போவது அவர்தானே. பூச்சி மாத்திரையும் அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் அரசாங்கமே பிள்ளைகளுக்குக் கொடுக்கிறது. விசாரிக்காமல் இன்னொரு தடவை கொடுக்க வேண்டாம்.

உன்னை மருந்துக் கவர் மேஜையில் உட்கார வைப்பார்கள் என்றாய். கவரில் காலைக்கு ஒரு சூரியன், ராத்திரிக்கு ஒரு பிறைநிலா வரை. எத்தனை மாத்திரையோ அத்தனை வட்டம் அதற்குக் கீழே. படிக்கத் தெரியாதவர்களுக்கு நாங்கள் அப்படித்தான் கொடுப்போம். கொடுத்ததும், எப்படிச் சாப்பிட வேண்டும் என்று அவர்கள் வாயாலேயே திருப்பிச் சொல்லச் சொல். மொழிபெயர்ப்பவர் அவசரப்படுத்தினாலும் விடாதே. தலையாட்டுவதை நம்பவே நம்பாதே, மரியாதைக்குத் தலையாட்டுகிற பழக்கம் நம் ஊரிலும் உண்டு.

வயசானவர்கள் தூக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது என்று வருவார்கள். 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் ஆட்சியில் 15 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்த நாடு அது. அந்தக் காலத்தைப் பற்றி நீயாகத் தோண்டிக் கேட்காதே. அவர்களாகச் சொன்னால், கடிகாரத்தைப் பார்க்காமல் கேள்.

பிள்ளைகளைக் கண்டால் உனக்குத் தலையைத் தடவிக் கொடுக்கத்தான் தோன்றும். நம் சபை ஐயர்மார் தலையில் கைவைத்து ஆசீர்வதிப்பதைப் பார்த்தே வளர்ந்தவன் நீ. அங்கே தலையைத் தொடுவது மரியாதைக் குறைவு, கைகூப்பினால் போதும். அனாதை இல்லம் ஒன்றுக்குப் போய் விளையாட்டுக் காட்டுவதாகவும் நிரலில் இருக்கிறது. கம்போடியாவில் அப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருக்கிறார்கள். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் கொடுக்கும் காசுக்காகவே நடக்கிற இல்லங்களும் உண்டு. அதை எடுத்துவிடச் சொல்.

இன்னொன்று. அந்த நாட்டில் வீடு வீடாகப் போய்ச் சுவிசேஷம் சொல்லத் தடை இருக்கிறது, பொருள் கொடுத்து மதம் மாற்றவும் தடை. சட்டம் கிடக்கட்டும், மருந்துக்கு வரிசையில் நிற்பவர் கையில் கைப்பிரதியைத் திணிப்பதை நான் எந்த நாட்டிலும் ஒத்துக்கொள்ள மாட்டேன். வயிற்றுவலியோடு நிற்கிறவர் வேண்டாம் என்று எப்படிச் சொல்வார்?

டிக்கெட் காசை அப்படியே அனுப்பிவிட்டால் போதாதா என்று அப்பா கேட்டார். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஒருத்தர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டால் வருகிற உறவு மணியார்டரில் வராது. ஆனால் போகிற இடத்தில் யார் வீட்டுக்காரர், யார் விருந்தாளி என்பது ஞாபகம் இருக்கட்டும். மிஷனரி ரிங்கல்தௌபே ஐயர் 1806-இல் நம் கன்னியாகுமரிப் பக்கம் வந்தார் என்று எல்லாரும் சொல்வோம். அவர் வருவதற்கு வழி பண்ணியது, தஞ்சாவூர் போய் வேதத்தைக் கேட்டுத் திரும்பிய மயிலாடி வேதமாணிக்கம். 1816-இல் ஐயர் போன பிறகு, 1818-இல் அடுத்த மிஷனரி மீட் ஐயர் வரும்வரை சபைகளைப் பார்த்துக்கொண்டதும் அவர்தான். பட்டாம்பாங்கிலும் ஒரு வேதமாணிக்கம் இருப்பார். உங்களுக்குச் சோறு பொங்கிப் போட்டுவிட்டு ஓரமாய் நிற்கிற உள்ளூர்ப் பாஸ்டராகக்கூட இருக்கலாம். நிரலை அவரிடம் காட்டி, இதில் எது வேண்டாம் என்று முதலில் கேளுங்கள். கூரை ஒழுகுகிறது, அதைச் சரிபண்ணினால் போதும் என்று அவர் சொன்னால் ஏணியில் ஏறு.

அப்புறம், மழைக்காலம் அது. டெங்கு இருக்கும், பகலிலும் கொசு மருந்து பூசிக்கொள். அந்தப் பக்கத்தில் கண்ணிவெடிகளை இன்னும் முழுசாக எடுத்து முடிக்கவில்லை. உள்ளூர் ஆள் நடக்கிற தடத்தை விட்டு, ஒன்றுக்குப் போகக்கூட விலகாதே.

கொண்டுபோகிற மருந்துப் பட்டியலை ஞாயிற்றுக்கிழமைக்குள் படம் எடுத்து அனுப்பு. அட்டையில் காலாவதித் தேதி தெரிகிற மாதிரி எடு. உங்கள் டீம் லீடர் அக்காவின் நம்பரும் வேண்டும். நான் பேசுகிறேன், சத்தம் போட மாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லி வை.

அன்புடன்,
அம்மா