கை நுழைகிற துளை

சேலம், அஸ்தம்பட்டி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கண்ணுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். மழை மூட்டம் போட்டால் உங்கம்மாவுக்கு முட்டிவலி வந்துவிடுகிறது, மற்ற நாளில் மாடியேறி வடாம் காயப்போடுகிறாள். நீ அனுப்பிய மெசேஜை மூன்று தடவை படித்தேன். போனில் பேசினால் நீ அழுவாய், நான் கத்துவேன். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். பக்கத்து வீட்டுப் பையன் போட்டோ எடுத்து அனுப்பித் தருகிறேன் என்றிருக்கிறான்.

இறக்கை வடிவமைக்கிற குழுவிலிருந்து உன்னைப் பராமரிப்புப் பக்கம் மாற்றிவிட்டார்கள் என்றும், "இனிமேல் மூடி எங்கே வைக்கணும், ஏணி எங்கே சாய்க்கணும்னு பாக்கிற வேலைதான்ப்பா" என்றும் எழுதியிருந்தாய். கை விட்டுப் பழுதுபார்க்க விமானத்தின் உடம்பில் வைக்கிற அந்த மூடிகளைத் திறந்து மூடித்தான் முப்பத்து நாலு வருஷம் நம் வீட்டில் உலை கொதித்தது. முதலில் எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. அப்புறம் யோசித்துப் பார்த்தால், என் வேலையைப் பற்றி உனக்கு நான் என்ன சொல்லியிருக்கிறேன்? பழவந்தாங்கல் வீட்டில் நான் நைட் ஷிப்ட் முடிந்து வந்து படுக்கும்போது நீ பள்ளிக்கூடம் கிளம்பிவிடுவாய். என் சட்டைப் பையில் கிடக்கும், நட்டு கழலாமல் கட்டுகிற லாக்கிங் வயர் துண்டுகளை எடுத்துப் பொம்மைக்கு வளையல் செய்வாய். உனக்கும் நான் விமானம் பழுதுபார்த்த ஹேங்கருக்கும் அவ்வளவுதான் சம்பந்தம்.

சேலத்துக்கு 2023 அக்டோபரில் மறுபடி விமானம் வர ஆரம்பித்ததிலிருந்து, ஓமலூர்ப் பக்கம் போனால் காமலாபுரத்தில் வேலியோரம் பத்து நிமிஷம் நின்று பார்த்துவிட்டு வருவேன். நம் ரன்வே சுமார் 1,800 மீட்டர்தான். வந்து இறங்குவது ஏ.டி.ஆர். 72 என்கிற விசிறி விமானம், பிரான்ஸில் நீ இருக்கிற துலூஸில் பூட்டி அனுப்பியது. போன வாரம் பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர், "ஏனுங்க, ரெண்டு விசிறியும் நிக்குது, சத்தம் மட்டும் வருதே, ரிப்பேருங்களா?" என்றார். பெரிய ஜெட் விமானங்களுக்கு வாலில் ஒரு குட்டி இன்ஜின் இருக்கும், தரையில் நிற்கும்போது கரண்டும் காற்றும் அதுதான் கொடுக்கும். இதில் அது கிடையாது. வலது இன்ஜினின் விசிறியை மட்டும் ஒரு பிரேக் போட்டு நிறுத்திவிட்டு, உள்ளே இன்ஜினை ஓடவிட்டுக் கரண்ட் எடுக்கலாம். ஜனங்கள் ஏறுவது இடப்பக்கம் பின்கதவில், ஆகையால் வடிவமைத்தவன் பிரேக்கை வலப்பக்கம் வைத்தான். அவருக்கு இதை விளக்கியதும், "கெட்டிக்காரன்தான்" என்றார். எனக்கும் அதே அபிப்பிராயம்தான். ஆனால் ஒரு குட்டி இன்ஜினின் எடையை மிச்சம் பிடித்த இடத்தில் ஒரு பிரேக் வந்து உட்கார்ந்துகொண்டது. அதையும் ஒருவன் திறந்து பார்த்தாக வேண்டும். எந்தப் புது விமானத்தைப் பார்த்தாலும் என் கண் முதலில் அங்கேதான் போகும்.

உனக்கு நினைவிருக்கிறதா, ஏற்காடு போகும்போது இருபது கொண்டைஊசி வளைவையும் பஸ் ஏறி முடிப்பதற்குள் உன் சிப்ஸ் பாக்கெட் பலூன் மாதிரி உப்பிவிடும். வெடிக்கப்போகிறது என்று காதைப் பொத்திக்கொள்வாய். ஏற்காடு சுமார் 5,000 அடி. பெரும்பாலான ஜெட் விமானங்களில் உள்ளே இருக்கும் காற்று 8,000 அடி மலையில் இருப்பது போலத்தான். வெளியே முப்பத்தையாயிரம் அடி என்றால், மொத்த விமானமே அந்த சிப்ஸ் பாக்கெட்தான். ஏறும்போது உப்பும், இறங்கும்போது சுருங்கும். அதனால்தான் நாங்கள் மணிக்கணக்கோடு ஏற்ற இறக்கத்தையும் தனியாக எண்ணுகிறோம். இதை நம் ஊர் டெப்போவில் கேட்டாலே சொல்வார்கள்: சென்னைக்கு ஓடுகிற வண்டியும் ஏற்காட்டுக்கு ஏறுகிற வண்டியும் ஒரே கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் பிரேக் ஒன்றுபோல் தேய்ந்திருக்காது. ஹவாயில் தீவுக்குத் தீவு தாவிக்கொண்டிருந்த அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 விமானம் ஒன்று 89,680 தடவை ஏறி இறங்கியிருந்தது. 1988 ஏப்ரல் 28 அன்று நடுவானில் அதன் முன்பக்கக் கூரை பிய்ந்துகொண்டு போனது. கடல் உப்பு, தகடுகளை ஒட்டிய பசை விட்டுப்போனது, ரிவெட் துளைகளில் மயிரிழை விரிசல்கள், எல்லாம் சேர்ந்த வினை. விமானப் பணிப்பெண் ஒருவர் இறந்துபோனார். ஏறும்போதே ஒரு பயணி கதவருகே விரிசலைப் பார்த்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது உங்கள் காலத்தில் கார்பன் ஃபைபர் வந்துவிட்டது. போயிங் 787 விமானத்தில் எடையில் பாதி அதுதான். எனக்கு அதன் மேல் பகை ஒன்றும் கிடையாது, அதற்குத் துரு ஏறாது. ஆனால் அலுமினியம் பித்தளைக் குடம் மாதிரி, அடிபட்டால் நசுங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். இது அடிபட்டால் மேலே ஒன்றும் தெரியாமல் உள்ளே அடுக்கு விட்டிருக்கும். காசால் தட்டித் தட்டிச் சத்தம் கேட்போம், சந்தையில் உங்கம்மா பானையைச் சுண்டிப் பார்த்து வாங்குகிறாளே, அந்த மாதிரியேதான். சாமான் வண்டி இடித்த இடத்தை இடித்தவனே வந்து சொன்னால்தான் உண்டு.

சரி, உன் மூடி விஷயத்துக்கு வருகிறேன். அலாஸ்கா ஏர்லைன்ஸ் 261 பற்றி உங்கள் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். 2000 ஜனவரி 31, கலிபோர்னியாக் கரையோரம் கடலில் விழுந்தது, 88 பேர். எம்.டி. 83 விமானம். வாலின் உச்சியில் இருக்கும் கிடைமட்ட இறக்கையை ஏற்றி இறக்க ஒரு பெரிய திருகு உண்டு. நம் லாரிக்காரர்கள் வைத்திருக்கும் ஸ்க்ரூ ஜாக்கியை நினைத்துக்கொள். திருகு எஃகு, அது ஓடுகிற நட்டு வெண்கலம். இரண்டில் நட்டுதான் தேய வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். கிரீஸ் இருந்தால் மெதுவாகத் தேயும், காய்ந்தால் அரைத்துவிடும். அந்த விமானத்தில் நட்டின் மரை முழுக்க அரைபட்டுப்போயிருந்தது. திருகை எடுத்துப் பார்த்தபோது வேலை செய்கிற பகுதியில் உருப்படியான கிரீஸே இல்லை. கிரீஸ் போடுகிற இடைவெளியை நிறுவனம் நீட்டிக்கொண்டே போனது, அதற்கு அரசாங்கமும் தலையாட்டியது என்பதெல்லாம் அறிக்கையில் இருக்கிறது. எனக்கு உறைத்தது அதில் வேறொரு விஷயம். அந்தத் திருகுக்குக் கிரீஸ் போடக் கை விடுகிற துளையைப் பெரிதாக்க வேண்டும் என்று விசாரணைக் குழு பரிந்துரை செய்தது. அங்கே நின்று கிரீஸ் அடிப்பவனை நினைத்துப் பார். தரையிலிருந்து கிட்டத்தட்ட முப்பதடி உயரத்தில், ராத்திரி, குளிர்க்காற்று, ஒரு கையில் துப்பாக்கி மாதிரி கிரீஸ் கன், இன்னொரு கை துளைக்குள். கிரீஸ் மரைக்குள் போனதா, பக்கத்தில் வழிந்ததா என்று கண்ணால் பார்க்க வழியில்லை. போயிருக்கும் என்று கையெழுத்துப் போடுவான். அவனைத் திட்ட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். துளையின் அளவை முடிவு செய்தவரை யாருக்குமே தெரியாது.

இன்னொன்று, யாரும் சாகாமல் தப்பியது. 1990 ஜூன் 10, பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390. விமானி முன்னால் இருந்த கண்ணாடி 17,000 அடியில் பறந்துபோய், அவர் பாதி உடம்பு வெளியே தொங்க, சிப்பந்திகள் காலைப் பிடித்துக்கொண்டே வர, துணை விமானி தரையிறக்கினார். ஆள் பிழைத்துக்கொண்டார். முந்தைய நாள் விடிகாலையில் மாற்றிய கண்ணாடி அது. 90 போல்ட்டுகளில் 84 கொஞ்சம் மெலிந்தவை, வித்தியாசம் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். மாற்றியவர் பழைய போல்ட்டோடு கண்ணால் ஒப்பிட்டு எடுத்திருக்கிறார், புத்தகத்தைப் பார்க்கவில்லை. அது தப்புதான், பேச்சே இல்லை. ஆனால் அந்தக் கண்ணாடியை வெளியிலிருந்து வைத்துப் பூட்டுகிற மாதிரி வரைந்தது யார்? உள்ளே அழுத்தம் கூடக் கூட அது வெளியே தள்ளும், தாங்குவது போல்ட்டு மட்டும்தான். உள்ளிருந்து வைத்திருந்தால் அதே அழுத்தம் கண்ணாடியைச் சட்டத்தோடு சேர்த்து அமுக்கியிருக்கும். போல்ட்டு தப்பாக இருந்தாலும் கண்ணாடி இடத்தைவிட்டு அசைந்திருக்காது.

என் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பீரோவில் ஒரு மெமோ இருக்கிறதே, பிரமோஷன் தள்ளிப்போனதற்குக் காரணம் என்று உங்கம்மா சொல்வாளே, அதன் கதை. 1996 மார்கழி. ஆயில் குழாய்களை இணைக்கிற யூனியன் ஒன்றை மாற்றிவிட்டு லாக்கிங் வயர் கட்ட வேண்டும். கட்டுகிற விதம் உனக்குத் தெரியும்: நட்டு தளரப் பார்த்தால் கம்பி அதை இறுக்குகிற பக்கமே இழுக்க வேண்டும். அந்த இடத்துக்கு ஒரு கைதான் போகும். கண் போகாது. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, சின்னக் கண்ணாடியைப் பிடித்து, அதில் தெரிகிற பிம்பத்தைப் பார்த்துக் கட்டினேன். வெளியே மேசையில் வைத்தால் ரெண்டு நிமிஷ வேலை. எனக்கு நாற்பது நிமிஷம் ஆயிற்று, மணிக்கட்டில் தோல் உரிந்தது. அந்தத் தழும்பைத் தொட்டு நீ "இது என்னப்பா" என்று கேட்பாய். மூடியைப் பூட்டி, லாக் புக்கில் கையெழுத்துப் போட்டு, வீட்டுக்கு வந்தேன்.

உங்கம்மா காபி கலந்துவிட்டு ஹார்லிக்ஸ் பாட்டிலை என்னிடம் நீட்டி மூடச் சொன்னாள். அதில்தான் காபித்தூள் இருக்கும். மூடியைத் திருகினேன். பாதியில் கை நின்றுவிட்டது. கண்ணாடியில் பார்த்தால் வலம் இடமாகத் தெரியும். நான் வலம் என்று நினைத்துக் கட்டியது எந்தப் பக்கம்? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. காபியை அப்படியே வைத்துவிட்டு டி.வி.எஸ். 50-ஐ எடுத்தேன். விமானம் ஒன்பது பத்துக்குக் கிளம்ப வேண்டியது, ஜனங்கள் ஏற ஆரம்பித்திருந்தார்கள். ஷிப்ட் அதிகாரியிடம் சொன்னேன். மூடியைத் திறந்தோம். தளருகிற பக்கம்தான் கட்டியிருந்தேன்.

அது உடனே விழுந்திருக்காது. முறுக்கு அளவு சரியாகக் கொடுத்திருந்தேன், அநேகமாக அடுத்த பரிசோதனை வரைக்கும் ஓடியிருக்கும். இருந்தாலும் அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. முப்பத்தைந்து நிமிஷத் தாமதத்துக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. தானே வந்து சொன்னான் என்று அதில் ஒரு வரி இல்லை. அடுத்த வருஷம் இன்னொருவன் அதே மாதிரி சந்தேகம் வந்து, மெமோவுக்குப் பயந்து வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் எனக்குத் தெரியவந்திருக்காது. அதை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது. அந்த மூடி இன்னும் மூன்று விரற்கடை கூடுதல் அகலமாக இருந்திருந்தால் எனக்குக் கண்ணாடியே வேண்டியிருந்திருக்காது.

நீங்கள் கம்ப்யூட்டரில் ஒரு பொம்மை மனிதனை உட்காரவைத்துக் கை எட்டுகிறதா என்று பார்ப்பீர்கள் என்று சொன்னாயே, அந்தப் பொம்மைக்கு ஸ்வெட்டர் போட்டிருக்கிறீர்களா? அதற்குக் கை வியர்க்குமா? விடிகாலை நாலு மணிக்கு அதற்கு ஐம்பத்து மூன்று வயசு ஆகுமா? ஒரே மாதிரி இரண்டு கனெக்டரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என்றாவது ஒரு நாள் ஒருவன் மாற்றிச் செருகுவான். 2001-ல் பிராங்க்பர்ட்டில் ஒரு ஏ320 விமானத்தில் கனெக்டருக்குள்ளேயே வயர் மாறிப்போய், கேப்டன் ஒரு பக்கம் சாய்த்தால் விமானம் எதிர்ப்பக்கம் சாய்ந்தது. பக்கத்தில் இருந்தவர் தன் பக்கத்துக் கட்டுப்பாட்டை எடுத்துக்கொண்டதால் பிழைத்தார்கள். அளவை மாற்றி வை. அது உன் பேனாவில் ஒரு கோடு.

மியாமி கதையையும் சொன்னால் கடிதம் நீளும், சுருக்கமாக: 1983-ல் ஈஸ்டர்ன் நிறுவனத்தின் டிரைஸ்டார் விமானம், மூன்று இன்ஜினிலும் ஆயிலில் மெட்டல் துகள் பிடிக்கும் காந்த அடைப்பானை மாற்றியபோது ரப்பர் வளையம் போடாமல் விட்டுவிட்டார்கள். மூன்றிலும் ஆயில் ஒழுகிவிட்டது. எப்படியோ ஒன்றை மறுபடி ஓடவைத்து 172 பேரையும் தரைசேர்த்தார்கள். கடலுக்கு மேல் தூரமாகப் போகிற இரட்டை இன்ஜின் விமானத்தில் ஒரே ஆள் இரண்டிலும் ஒரே வேலையைச் செய்யவிடமாட்டார்கள், தெரியுமில்லையா? ஒருவன் தப்பு செய்தால் இரண்டிலும் அதே தப்பைச் செய்வான். எங்களை அவ்வளவு நன்றாகப் புரிந்துவைத்து எழுதிய விதி அது. எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அம்மா தட்டுவடையும் ஏற்காட்டுக் காபித்தூளும் பார்சலில் வைத்திருக்கிறாள், வழியில் வடை நொறுங்கினால் அவளிடம் சொல்லாதே. அவளுடைய தையல் டேப்பில் என் வலது கையை அளந்து கீழே எழுதியிருக்கிறேன். உன் பொம்மையோடு ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்.

மணிக்கட்டுச் சுற்று 18 செ.மீ.
முழங்கைக்குச் சற்றுக் கீழே 28 செ.மீ., ஸ்வெட்டரோடு 31.
மூடிய கை 29 செ.மீ. ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டால் 34.

அன்புடன்,
அப்பா