செந்தூல் மேசைக்கு ஆள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் எங்கள் அப்பா தமது 87-ஆவது வயதில் காலமானபோது தங்கள் நாளிதழில் கண்ணீர் அஞ்சலி வெளியிட்டீர்கள். அதைப் பார்த்துவிட்டு ரவாங், பந்திங், தஞ்சோங் மாலிம் என்று பல இடங்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பலரை எங்களுக்கு யாரென்றே தெரியவில்லை. வந்த அனைவருக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி. கருமக்கிரியை அன்று பேசியவர்கள் அப்பா வகித்த பதவிகளைச் சொன்னார்கள்: தொழிற்சங்கக் கிளைச் செயலாளர், கோயில் பொருளாளர், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர். எல்லாம் உண்மைதான். ஆனால் அப்பா தம் உயிரை வைத்திருந்தது, குடியுரிமைக்கும் அடையாள அட்டைக்கும் விண்ணப்பம் எழுதிக் கொடுக்க, ஞாயிற்றுக்கிழமை காலையில் செந்தூல் சங்கக் கட்டடத்துத் தாழ்வாரத்தில் போடும் மேசையில்தான். அதைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

அப்பா 1938-இல் கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவர். மெர்டேக்கா (நாடு சுதந்திரம் பெற்ற) ஆண்டான 1957-இல் செந்தூல் ரயில்வே பட்டறையில் நாட்கூலியாகச் சேர்ந்தார். மாதச் சம்பளம் கேட்டு 1962 டிசம்பரில் ரயில்வே தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்களே, அப்போது அவருக்கு 24 வயது. மூன்று வாரத்துக்கு மேல் ரயில் ஓடவில்லை, வீட்டில் கூலியும் இல்லை. குவார்ட்டர்ஸ் குடும்பங்களுக்கு அரிசி பங்கு போடும் கணக்கு அப்பா கைக்கு வந்தது. யார் வீட்டுக்கு எவ்வளவு போனது என்று அன்றன்றே எழுதி, சங்கத்துக் கதவில் எல்லாரும் பார்க்கும்படி ஒட்டிவிடுவாராம். அந்த வழக்கம் கடைசிவரை போகவில்லை. கோயில் கணக்கையும் அப்படித்தான் ஒட்டினார்.

அவரை மேசைக்குக் கொண்டுவந்தது அதற்குப் பின்னால் நடந்தது. 1968-இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் எடுக்க வேண்டும். சிவப்பு ஐசியோடு (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளின் அடையாள அட்டை) ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் கதிகலங்கிப் போனார்கள். ஆயிரக்கணக்கானோர் பெட்டியைக் கட்டிக்கொண்டு தமிழ்நாட்டுக்குக் கப்பல் ஏறினார்கள். அப்பாவின் பெரியப்பா குடும்பமும் அதில் ஒன்று. 'ரஜூலா' கப்பலில் அவர்களை ஏற்றிவிட அப்பாதான் போர்ட் சுவெட்டன்ஹாம் (இன்றைய போர்ட் கிள்ளான்) துறைமுகம் வரை போயிருக்கிறார். மெர்டேக்காவுக்குப் பின் ஓராண்டு வரை, மலாய்த் தேர்வு இல்லாமலே குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வழி இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பெரியப்பாவுக்கு அதை எடுத்துச் சொல்லி எழுதிக் கொடுக்க யாரும் இல்லை. "ஒரு பாரம் எழுத ஆளில்லாம ஒரு குடும்பமே போச்சு" என்பார் அப்பா.

அவர் எழுதிய முதல் விண்ணப்பப் பாரம் எங்கள் அப்பாயிக்கு. நாமக்கல் பக்கத்திலிருந்து சின்ன வயதில் வந்தவர் அப்பாயி, மலாய் தெரியாது. அவர் மாவாட்டும்போது அப்பா பக்கத்தில் உட்கார்ந்து "சாயா திங்கால் டி செந்தூல், சாயா அடா தீகா ஓராங் அனாக்" (நான் செந்தூலில் இருக்கிறேன், எனக்கு மூன்று பிள்ளைகள்) என்று திரும்பத் திரும்பச் சொல்ல வைத்து, நேர்முகத் தேர்வுக்கு அழைத்துப் போனார். குடிமக்களுக்கான நீல ஐசி வந்த அன்று அப்பாயி அதைச் சாமிப் படத்தின் முன் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் பெட்டியில் பூட்டினார். அக்கம்பக்கத்தில் சேதி பரவியது. அப்புறம் ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

அந்த மேசை, பட்டறையில் கழித்துப்போட்ட சரக்கு வண்டிப் பலகையில் அப்பாவே இழைத்துச் செய்தது. மேலே கார்பன் தாள், மைப்பெட்டி, பூதக்கண்ணாடி, மஞ்சள் ரசீதுப் புத்தகம். யாரிடமாவது மூலப் பத்திரத்தை வாங்கினால் ரசீது எழுதாமல் விடமாட்டார். ஒரு பெண்ணின் பெயரைத் தோட்டத்துக் கிராணி (அலுவலக எழுத்தர்) ஒரு மாதிரியும் பள்ளிக்கூடத்தில் ஒரு மாதிரியும் கிளினிக் அட்டையில் இன்னொரு மாதிரியும் எழுதி வைத்திருப்பார்கள். மூவரும் ஒரே ஆள்தான் என்று சத்தியப் பிரமாணம் எடுக்க வேண்டும், சாட்சி வேண்டும். பிரசவம் பார்த்த மருத்துவச்சி உயிரோடு இருக்கிறாரா, அந்தக் காலத்துத் தலைமையாசிரியர் எந்த ஊரில் இருக்கிறார் என்று மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு தேடிப் போவார். தோட்டத்தை விற்று வீடமைப்புப் பகுதி ஆக்கிய பிறகு இந்த வேலை இன்னும் கடினமாகிவிட்டது. ஒரு முறை, ஓய்வு பெற்ற கிராணி ஒருவரின் பரணில் கிடந்த பழைய செக்ரோல் (தொழிலாளர் பெயர், கூலிப் பதிவு) புத்தகத்தில் ஒரு தாயின் பெயரைக் கண்டுபிடித்து, இரவு பத்து மணிக்கு நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்தார். சாப்பிடக்கூட உட்காராமல் எங்களை எழுப்பி அந்தப் பக்கத்தைக் காட்டினார்.

காசு வாங்க மாட்டார். "நான் ஒரு வெள்ளி வாங்கினா, எனக்கப்புறம் உட்கார்றவன் நூறு வாங்குவான்" என்பார். ஐசி எடுத்துத் தருகிறேன் என்று ஏழைகளிடம் ஆயிரக்கணக்கில் கறக்கும் ஏஜெண்டுகளைக் கண்டால் மட்டும் அவருக்குக் குரல் ஏறும்.

திருமணப் பதிவைப் பற்றி அவர் சொன்னதை இங்கே கட்டாயம் எழுத வேண்டும், ஏனென்றால் இன்றைக்கும் இதில்தான் நம்மவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். 1976-ஆம் ஆண்டுத் திருமண, விவாகரத்துச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்புக்கு வந்தது. அன்றிலிருந்து கோயிலில் தாலி கட்டினால் மட்டும் போதாது, பதிய வேண்டும். பதியாத திருமணத்தில் பிறந்த பிள்ளைக்குச் சட்டப்படி தாயின் குடியுரிமை நிலைதான் கணக்கு. தகப்பன் நீல ஐசிக்காரராக இருந்தாலும், தாய்க்கு நீல ஐசியும் இல்லை, சிவப்பு ஐசியும் இல்லை என்றால் பிள்ளை குடிமகன் ஆகாது. அந்தப் பிள்ளை பெண்ணாக இருந்து அவளும் பதியாமல் கட்டிக்கொண்டால் பேரப்பிள்ளைக்கும் அதே கதி. மேளதாளத்தோடு ஊரே கூடிச் செய்த கல்யாணம் ஒரு கையெழுத்து இல்லாததால் மூன்று தலைமுறையை வாட்டுகிறது. சில கோயில்களிலேயே துணைப் பதிவாளர்கள் இருக்கிறார்கள், பதிவது பெரிய காரியம் இல்லை. அதனால் அப்பா எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், அட்சதை போட்ட கையோடு மாப்பிள்ளையிடம் கேட்பது "பதிஞ்சாச்சா தம்பி?" என்பதுதான். சிலருக்கு முகம் சுருங்கும். அவர் விடமாட்டார்.

எங்கள் வீட்டு முருகன் படக் காலண்டரில் சில தேதிகளுக்குச் சிவப்பு வட்டம் இருக்கும். எங்கள் யாருடைய பிறந்த நாளும் அல்ல. அப்பா மேசை போட்ட காலத்தில், அரசியலமைப்பின் 15A பிரிவின் கீழ் 21 வயதுக்கு உட்பட்டவர்களைக் குடிமக்களாகப் பதிய அரசாங்கத்துக்கு அதிகாரம் இருந்தது. 21 முடிந்துவிட்டால் விண்ணப்பிக்க அந்தக் கதவு மூடிவிடும். மேசைக்கு வந்த பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் என்றைக்கு 21 முடிகிறது என்பதைத்தான் அப்பா வட்டம் போட்டு வைத்திருந்தார். புதுக் காலண்டர் வந்தால் பழையதைப் பார்த்து முதல் வேலையாக வட்டங்களை மாற்றி எழுதுவார்.

அதில் ஒரு தம்பியைப் பற்றிச் சொல்கிறேன். தகப்பன் குடிமகன், தாய்க்கு எந்த ஐசியும் இல்லை, தோட்டத்துக் கோயிலில் கல்யாணம், பதிவு இல்லை. 17 வயதில் லாரிக்கு உதவியாளாகப் போய்க்கொண்டிருந்த பையனை அவன் பாட்டி மேசைக்கு இழுத்து வந்தார். முதல் விண்ணப்பம் காரணம் சொல்லாமல் திரும்பி வந்தது. தம்பி வெறுத்துப்போய் இரண்டு வருடம் இந்தப் பக்கமே வரவில்லை. வட்டம் போட்ட தேதிக்கு ஐந்து மாதம் இருக்கும்போது அப்பா அவன் தங்கியிருந்த லாரி யார்டுக்கே போய்விட்டார். "எனக்கு அலுக்கலை, உனக்கு என்னடா அலுப்பு?" என்று கேட்டாராம். பள்ளி வருகைப் பதிவு, தடுப்பூசி அட்டை, இரண்டு சாட்சிகள் என்று புதிதாகச் சேர்த்து, 21 முடிவதற்குள் மறுபடியும் விண்ணப்பம் போட்டார்கள். அவனுக்கு 23 வயதானபோது குடியுரிமை வந்தது. இன்று கனரக லைசென்ஸ் எடுத்து லாரி ஓட்டுகிறார், திருமணத்தையும் முறையாகப் பதிந்துகொண்டார். அப்பாவின் பாடையை எங்கள் தம்பிகளோடு சேர்ந்து தூக்கியவர் அவர்தான்.

அம்மாவைச் சொல்லாமல் விட்டால் அப்பாவே கோபித்துக்கொள்வார். அந்த மேசைக்கு வந்து காத்திருந்தவர்களுக்குத் தே-ஓ (பால் கலக்காத தேநீர்) கலக்கிக் கொடுத்தது அம்மா. தூரத்திலிருந்து பசியாறாமல் வந்தவர்களுக்குத் தோசை ஊற்றியதும் அம்மாதான். பட்டறைச் சம்பளத்தில் ஐந்து பிள்ளைகளைப் படிக்க வைத்துக்கொண்டு இதையும் செய்தார். எங்களுக்கும் ஒரு குறையும் இல்லை. சனிக்கிழமை முழுக்க அப்பா எங்களுக்குத்தான்: காலையில் கணக்குப் பாடம், மாலையில் லேக் கார்டன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று 12 வயதிலேயே என்னை மேசையில் பக்கத்தில் உட்கார வைத்தார். "எழுதறதுக்கு முன்னாடி எதிர்ல இருக்கறவங்க முகத்தைப் பாரு, அவங்க பேச்சை முழுசா கேளு" என்று சொல்லிக் கொடுத்தது அவர்.

1993-இல் 55 வயதில் பட்டறையிலிருந்து ஓய்வு பெற்றார், மேசையிலிருந்து பெறவில்லை. 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வரும்வரை ஞாயிறு தவறாமல் போட்டார். அதன் பிறகு ஆட்கள் வீட்டுக்கே வந்தார்கள்.

இப்போது நான் தொடர்ந்து உட்காரத் தயாராக இருக்கிறேன். ஆனால் சட்டம் தெரிந்தவர்கள் வேண்டும், மோட்டாரில் அலையக்கூடிய இளைஞர்கள் வேண்டும். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், பழைய தோட்டக் கிராணிகள் இருந்தால் இன்னும் நல்லது, சாட்சிகளைத் தேடிக் கண்டுபிடிக்க அவர்களைப் போல யாராலும் முடியாது. மாதத்தில் ஒரு ஞாயிறு தந்தாலும் போதும்.

இன்னொரு செய்தி. அப்பாவின் அலமாரியில் இரண்டு தகரப் பெட்டிகள் நிறைய மூலப் பத்திரங்கள் இருக்கின்றன: பிறப்புப் பத்திரங்கள், பழைய சிவப்பு ஐசிகள், கப்பல் டிக்கெட்டுகள், பள்ளி விடுகைச் சான்றிதழ்கள், கிளினிக் அட்டைகள். விண்ணப்பத்துக்குக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்காமல் போனவர்களுடையவை. சிலருடைய பிள்ளைகளுக்கு இன்று அவை அவசரமாகத் தேவைப்படலாம். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி முதல் பன்னிரண்டு வரை செந்தூலில் அதே சங்கக் கட்டடத் தாழ்வாரத்தில் வந்து வாங்கிக்கொள்ளலாம். மஞ்சள் ரசீது இருந்தால் கொண்டு வாருங்கள். இல்லாவிட்டாலும் பரவாயில்லை, உங்கள் பெயரும் கொடுத்த தேதியும் அப்பாவின் நோட்டில் இருக்கும்.

இப்படிக்கு,
அன்னாரின் மூத்த மகள்,
செந்தூல், கோலாலம்பூர்.