நாலு ஓட்டு வீடு

வெள்ளகோவில்
18-1-2026

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நோம்பி முடிந்து வீடு இப்போதுதான் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. பட்டியில் இந்த வருஷம் இரண்டு எருமையும் ஒரு கன்றும்தான். அதற்கே எங்கம்மா தெப்பக்குளம் கட்டி, சாணிப் பிள்ளையார் பிடித்து வைத்து, 'பட்டி பெருக' சொல்லி, ஒரு குறையும் வைக்காமல் செய்துவிட்டாள். ஷெட்டில் பதினாறு தறியில் பத்துதான் ஓடுகிறது. கூலி விஷயத்தை நீ கேட்காமல் இருப்பதே நல்லது. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு மாடி ஏறுகிறாயா? போனில் கேட்டால் 'பரவாயில்லை' என்று முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதிக் கேட்கிறேன்.

போனில் பேச வராத சங்கதி இன்னொன்றும் இருக்கிறது. உன் மருமகளைப் பற்றி. பயப்படாதே, கல்யாண விஷயம் இல்லை. அவளுக்கு அரசியல் பிடித்துக்கொண்டது.

கோயமுத்தூர் காலேஜ், இரண்டாம் வருஷம், ஹாஸ்டல் வாசம், கையில் செல்போன். ஏதாவது ஒரு கொடி, ஏதாவது ஒரு நடிகர் என்று போய்விடுவாளோ என்று நானும் உள்ளுக்குள் பயந்துகொண்டுதான் இருந்தேன். அவள் போனது வேறு வழி. எல்லாம் ஒரு படிவத்தில் ஆரம்பித்தது.

நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் தொடங்கியது அல்லவா, எங்கள் பாகத்துக்கு அங்கன்வாடி டீச்சர்தான் பூத் அலுவலர். கட்டுக்கட்டாகப் படிவத்தைச் சுமந்துகொண்டு வீடு வீடாகச் சுற்றிவிட்டு, எங்கள் திண்ணையில் வந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். லீவுக்கு வந்திருந்த பாப்பா ஒரு படிவத்தை வாங்கிப் பார்த்தாள். மேல் பாதி சுலபம். கீழே, போன தீவிரத் திருத்தத்தின்போது உன் பெயரோ, இல்லையென்றால் பெற்றவர் பெயரோ, தாத்தா பாட்டி பெயரோ எந்தத் தொகுதியில், எந்தப் பாகத்தில், எந்த வரிசை எண்ணில் இருந்தது என்று கேட்டிருந்தது. நம் மாநிலத்துக்கு அது 2002, 2005 பட்டியல். இவள் பிறந்ததே 2006 ஆகஸ்டில்.

காங்கயம் தொகுதியில் தேடினாள், கிடைக்கவில்லை. திருப்பூர் மாவட்டத்தில் தேடினாள், கிடைக்கவில்லை. அப்புறம்தான் எனக்கே உறைத்தது. அப்போது நாம் ஈரோடு மாவட்டம், வெள்ளகோவில் தொகுதி. 2008 மறுசீரமைப்பில் அந்தத் தொகுதியே எடுபட்டுப்போனது. திருப்பூர் மாவட்டம் வந்தது 2009-இல். "ஒரு தொகுதியே காணாமப் போகுங்களாப்பா?" என்று கேட்டாள். போகும் கண்ணு என்றேன். வேறென்ன சொல்ல?

ராத்திரி பதினோரு மணிக்கு அவளுடைய அப்பாரு, அதாவது எங்கப்பா பெயர் கிடைத்தது. மங்கலான பக்கம், பெயரில் ஓர் எழுத்து தப்பு. எங்கம்மாவை எழுப்பிக் காட்டினாள். அம்மா கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, "பக்கத்துல என்ற பேரு இருக்குதா பாரு சாமி" என்றாள். அடுத்த வரியிலேயே இருந்தது. செல்போனைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாளிலிருந்து வீதி முழுக்க இவள்தான் படிவம் நிரப்பினாள். ஆம்பளைகளுக்குச் சிரமமில்லை, எல்லோரும் பிறந்த ஊரிலேயே கிடக்கிறோம். பொம்பளைகளுக்குத்தான் பாடு. மூலனூர், சென்னிமலை, அரவக்குறிச்சி என்று எங்கெங்கிருந்தோ வாக்கப்பட்டு வந்தவர்கள். ஒவ்வொருவருக்கும் பிறந்த ஊர்ப் பட்டியலைத் தேட வேண்டும். எதிர்வீட்டு அம்மிணி, எட்டு வருஷமாக முகம் பார்க்காத அண்ணனுக்குப் போன் போட்டுக் கேட்டது. பாகம் கேட்டுச் சண்டையில் பிரிந்தவர்கள், பாகம் எண் கேட்டுப் பேசிக்கொண்டார்கள்! இப்போது பொங்கல் சீர் வந்திருக்கிறது. தேர்தல் கமிஷன் நினைத்துப் பார்த்திருக்காது.

டிசம்பர் 19-ஆம் தேதி வரைவுப் பட்டியல் வந்தது. மாநிலம் முழுக்க 97 லட்சத்துக்கும் மேல் பெயர்கள் இல்லை. செத்தவர்கள், குடிமாறியவர்கள், இரண்டு இடத்தில் இருந்தவர்கள் என்று கணக்குச் சொன்னார்கள். எங்கள் அப்பா பெயர் போய்விட்டது, அது நியாயம். அவர் போய் ஆறு வருஷமாகிறது. ஆனால் சங்ககிரிப் பக்கமிருந்து வந்து நம் ஷெட்டில் தறி ஓட்டுகிற குடும்பத்துக்கு அங்கேயும் பெயர் இல்லை, இங்கேயும் இல்லை. அந்தப் பெண் ரேஷன் கார்டும் போய்விடுமோ என்று அழுதுகொண்டு வந்து நின்றது. ரேஷன் கார்டு வேறு, இது வேறு என்று பாப்பா நிதானமாகச் சொல்லி, அவர்களுக்குப் புதிதாகப் பெயர் சேர்க்கும் ஆறாம் எண் படிவம் நிரப்பிக் கொடுத்தாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தக் குடும்பம் நம் ஷெட்டுக்கு வந்து ஐந்து வருஷம். அவர்களுக்கு ஓட்டு எங்கே இருக்கிறது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

உன் பெயரும் போய்விட்டது மாப்பிள்ளை. டீச்சர் மூன்று தடவை வந்து உன் வீட்டுப் பூட்டைப் பார்த்துவிட்டுப் போனார். இருபத்தேழு வருஷமாகப் பெங்களூரில் இருந்துகொண்டு ஓட்டுக்கு மட்டும் ராத்திரி பஸ் பிடித்து வருவாயே, அது இனி நடக்காது. "மாமா குடியிருக்கிற எடத்துலதானுங்கப்பா ஓட்டு வெச்சிருக்கோணும்" என்று பாப்பா எனக்கே சட்டம் சொன்னாள். சரிதான். ஆனாலும் தேர்தல் அன்று காலை டீக்கடையில் நீ இல்லாமல் எப்படி இருக்கும் என்று தெரியவில்லை.

இனிமேல்தான் விஷயம். மார்கழிக் கடைசியில் ஒரு கட்சிக்காரர் நோட்டும் பேனாவுமாக வந்தார். எந்தக் கட்சி என்பது முக்கியமில்லை, எல்லோரும் வருவார்கள். "உங்க வூட்டுல நாலு ஓட்டுங்களா?" என்றார். "ஆமாங்க, நாலு" என்றேன். நடையிலிருந்து பாப்பா குரல் வந்தது: "மூணுன்னு எழுதிக்குங்க. என்றதை நான் பாத்துக்கிறேன்."

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். எனக்குச் சுருக்கென்றது. நம் வீடு எப்போதும் நாலு ஓட்டு வீடு, மாப்பிள்ளை. அப்பா சொல்லும் சின்னம், நாலு ஓட்டு. அப்பாவுக்குப் பிறகு நான் சொல்லும் சின்னம். யாராவது கேட்டால், "நம்ம வூட்டு ஓட்டு உங்களுக்குத்தானுங்க" என்று மொத்தமாக வாக்குக் கொடுத்துத்தான் பழக்கம். என் வீட்டுக்காரியிடம் அவள் ஓட்டு யாருக்கு என்று நான் கேட்டதேயில்லை. இவள் அதிலிருந்து ஒன்றை உருவிவிட்டாள்.

அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில் நேரடியாகவே கேட்டாள். "போன தேர்தல்ல பணம் வாங்குனீங்களாப்பா?" பொய் சொல்ல வாய் வரவில்லை. 2021-இல் நாலு கவர் வந்தது என்றேன். "நாலுங்களா? அப்பாருதான் அப்பவே இல்லையே? எனக்கும் ஓட்டு இல்லையே?" அப்பா பெயர் பட்டியலில் அப்படியே இருந்தது, மாப்பிள்ளை. செத்துப்போன மனுஷனுக்கும் சேர்த்துக் கவர் வாங்கி அரிசி டின்னில் வைத்தோம். "அப்ப இந்தத் தடவை அப்பாரு கவருதான் எனக்கு வருமுங்களா?" என்றாள். என் வீட்டுக்காரி குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அதோடு விடவில்லை. சட்டசபை வேட்பாளர் ஒருவர் அதிகபட்சம் 40 லட்சம்தான் செலவு செய்யலாமாம். நம் தொகுதியில் சுமார் இரண்டரை லட்சம் ஓட்டு. வகுத்தால் தலைக்குப் பதினாறு ரூபாய். "பதினாறு ரூபாய்ல நோட்டீஸும் அடிச்சு, ஜீப்பும் ஓட்டி, மைக்கும் கட்டோணும். நமக்கு வந்த கவர் யாரு கணக்குலீங்கப்பா எழுதியிருக்கும்?" கணக்கை நூல் கடைக்காரனிடம் போடுவதுபோலப் போடுகிறாள். வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரங்களை வேறு தேடித் தேடிப் படிக்கிறாள். என் வீட்டுக்காரிக்கு அதில் நகைக் கணக்கு மட்டும்தான் சுவாரசியம். யார் சம்சாரம் எத்தனை பவுன் என்று கேட்டுத் தெரிந்துகொள்கிறாள்.

இன்னொரு கேள்வியும் கேட்டாள். "நம்மாளுன்னு சொல்றீங்களே, நம்மாளுன்னா யாருங்கப்பா?" நீ சிரிக்கிறாய், எனக்குத் தெரிகிறது. இந்தக் கொங்குச் சீமையில் அந்த வார்த்தைக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. நம் ஊர்க்காரர் என்றேன். "அப்ப தறி ஓட்டற அண்ணனும் நம்மாளுதானுங்களே?" என்றாள். நான் கை கழுவ எழுந்துவிட்டேன். சாப்பிட்டு முடித்திருக்கவில்லை.

அம்மா மட்டும்தான் அவளுக்குச் சரிசமமாக நிற்கிறாள். 2013-இலிருந்து 'நோட்டா' இருக்கிறது, யாருமே பிடிக்கவில்லை என்றால் அதை அமுக்கலாம் என்று சொன்னதற்கு, "யாருக்கும் இல்லீன்னு சொல்றதுக்கு வெயில்ல எதுக்குப் போகோணும்? வூட்லயே சொல்லிக்கலாமே" என்றாள். ஒரு ஓட்டில் என்ன ஆகிவிடும் என்றும் கேட்டாள். பாப்பா விடுவாளா? பக்கத்து மொடக்குறிச்சியில் 2021-இல் ஜெயித்ததும் தோற்றதும் 281 ஓட்டில் என்றாள். அம்மா, "அதென்ன, நம்ம வளவும் தெக்கு வளவும் சேந்தா வர்ற ஓட்டு" என்றாள். ஆனால் பட்டிப் பொங்கல் அன்று கன்றுக்குக் கயிறு மாற்றும்போது அம்மாவே வாய் திறந்தாள். ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில் 2023-இல் 77 பேர் நின்று ஐந்து மிஷின் வரிசையாக வைத்தார்களே, அப்போது ஓட்டுப் போடுகிறவர்களைப் பட்டி மாதிரி ஷெட் போட்டு அடைத்துவைத்ததாகப் புகார் வந்ததை இவள் சொல்லியிருக்கிறாள் போல. "மாட்டைக்கூட நோம்பியன்னிக்கு அவுத்து வுடறோம்" என்றாள் அம்மா, எருமையைப் பார்த்துக்கொண்டே.

சரி, இப்போது உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். முப்பத்தாறு வருஷமாக வைத்திருக்கிறேன்.

1989 ஞாபகம் இருக்கிறதா? ஜனவரியில் சட்டசபைத் தேர்தல் நடந்தபோது நமக்குப் பதினெட்டு முடிந்திருந்தது, ஆனால் ஓட்டு வயது இருபத்தொன்று. ஹாஸ்டலில் விடிய விடியப் பேசினோமே தவிர வரிசையில் நிற்க முடியவில்லை. அரசியல் சட்டத்தின் 61-ஆவது திருத்தம் மார்ச் 28-இல் நடைமுறைக்கு வந்து, பதினெட்டு ஆனது. நவம்பர் பார்லிமென்ட் தேர்தல்தான் நமக்கு முதல் ஓட்டு. யாருக்குப் போடுவது என்று ஒரு மாதம் வாதாடி ஒரு முடிவுக்கு வந்து, இரண்டு பேரும் ஈரோட்டில் பஸ் ஏறி ஊருக்கு வந்தோம். சாயங்காலம் டீக்கடையில் விரல் மையைக் காட்டி, 'பேசினபடியே குத்திட்டேன்' என்று உன்னிடம் சொன்னேன்.

குத்தவில்லை. காலையில் அப்பா மொபெட்டை ஸ்டார்ட் செய்துகொண்டே சின்னத்தின் பெயரைச் சொன்னார். வேறு ஒன்றும் சொல்லவில்லை, மிரட்டவும் இல்லை. மறைப்புக்குள் நான் மட்டும்தான் நின்றேன். முத்திரைக் கட்டை என் கையில்தான் இருந்தது. இருந்தும் அவர் சொன்ன சின்னத்தில்தான் குத்தினேன். அதன் பிறகு எத்தனையோ தேர்தல் வந்துவிட்டது. ஆனால் பாப்பா அந்தக் கட்சிக்காரரிடம் 'மூணு' என்று சொன்னபோது எனக்கு ஞாபகம் வந்தது அந்த மறைப்புதான்.

அவளிடம் இதை இன்னும் சொல்லவில்லை. உன்னிடம் சொன்னபிறகு சொல்லலாம் என்று இருக்கிறேன். கோபமென்றால் நாலு வார்த்தை திட்டி எழுது.

பயமும் இருக்கிறது, மறைப்பானேன். பொங்கலுக்கு வந்த சொந்தக்காரர் ஒருவர், "பொண்ணு ரொம்பப் பேசுதே, போற எடத்துல எப்படிப் பொழைக்கும்?" என்று என் காதுபடவே கேட்டார். நமக்கு நூல் கொடுப்பவர், கடன் கொடுப்பவர் எல்லோரும் ஏதோ ஒரு கட்சியில்தான் இருக்கிறார்கள். என் வீட்டுக்காரிக்குத் தூக்கமில்லை. எனக்குப் பாதித் தூக்கம். ஆனால் அவளை அடக்க வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. அவிநாசி அப்புச்சியிடம் இவள் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். அத்திக்கடவுத் தண்ணீர் வரும் வரும் என்று ஒவ்வொரு தேர்தலிலும் கேட்டே அவருக்கு வயது எண்பதாகிவிட்டது. 2024 ஆகஸ்டில்தான் திட்டம் திறந்தார்கள். காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழிருந்து பம்ப் செய்து 1,045 குளம் குட்டைகளுக்கு. "அறுவது வருசம் கேட்டுட்டே இருந்தமல்லொ கண்ணு, கேக்காட்டி அதுவும் வந்திருக்காது" என்றார் அவர். அவர் எந்தக் கட்சி என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கடைசியாக ஒரு உதவி. 1996 மொடக்குறிச்சிக் கதையை அவளுக்குச் சொன்னேன். விவசாயிகள் கோரிக்கையைக் கவனிக்க நாதியில்லை என்று 1033 பேர் வேட்பாளராக நின்றதையும், தேர்தல் ஒரு மாதம் தள்ளிப்போனதையும், ஓட்டுச்சீட்டைப் புத்தகம் மாதிரி அச்சடித்ததையும் சொன்னபோது முதலில் நம்பவில்லை. தேடிப் பார்த்துவிட்டு, அதில் 88 பேருக்கு ஒரு ஓட்டுக்கூட விழவில்லை என்று அவளே வந்து சொன்னாள். தனக்குத் தானே போட்டுக்கொள்ளவில்லையா என்று சிரித்தாள். வேறு தொகுதிக்காரர்கள் வந்து நின்றார்கள், அவர்களுக்கு அங்கே ஓட்டு ஏது என்று விளக்கினேன். உன் பெரியப்பாவே அப்படித்தானே, வெள்ளகோவில் ஓட்டை வைத்துக்கொண்டு மொடக்குறிச்சியில் போய் நின்றார். எத்தனை விழுந்தது என்று கடைசிவரை நம்மிடம் சொல்லவே இல்லை. அப்போது டெபாசிட் 250 ரூபாய். இவர்கள் நின்ற நிற்பில்தான் அந்த வருஷமே அதை 5,000 ஆக்கினார்கள், இப்போது 10,000.

பெரியப்பா அந்த டெபாசிட் ரசீதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தாரே, வீட்டைப் பூட்டும்போது சாமான்களோடு நீ பெங்களூருக்கு எடுத்துப்போனதாக ஞாபகம். பரணில் இருந்தால் எடுத்துத் துடைத்து, ஒரு போட்டோ பிடித்துப் பாப்பாவுக்கு அனுப்பு. காலேஜில் காட்ட வேண்டுமாம். முழங்கால் இருக்கும் நிலையில் நீ ஏணி ஏறாதே, பையனை ஏறச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்